பேரப்பிள்ளைகளோடு ஒருநாள் சென்னை: பொழுதும் பசியும்

பள்ளி விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்து சென்னையில் தாத்தா பாட்டி வீட்டில் தங்கும் பிள்ளைகளை ஒரு நாளாவது வெளியே கூட்டிச் சென்று ஊரைக் காட்ட வேண்டும் என்ற ஆசை ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அந்த நாள் கெடுவதற்கு வெயிலும் கூட்டமும் ஓரளவே காரணமாகின்றன. ஓட்டல் மேசையில் வைத்த தட்டைப் பிள்ளை தள்ளிவிட, பாட்டி கெஞ்ச, தாத்தா அதட்ட, தாய் முகம் வாடும் அந்தக் கால் மணி நேரம்தான் பெரும்பாலும் மீதிப் பொழுதையும் தின்றுவிடுகிறது. உணவில் பிடித்ததை மட்டும் பொறுக்கி உண்ணும் பிள்ளைகள் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்பதைப் பெரியவர்கள் சற்றுப் புரிந்துகொண்டு, அதற்கேற்ப நாளின் நேரத்தை வகுத்துக்கொண்டால், பிள்ளையின் பழக்கத்தை மாற்ற எதுவும் செய்யாமலேயே அந்த ஒரு நாளைக் காப்பாற்றிவிடலாம்.

இட்லியில் ஒட்டிய கறிவேப்பிலையைக் கண்டதும் இட்லியையே ஒதுக்குவது, சோற்றில் குழம்பு படக்கூடாது என்று அடம்பிடிப்பது, நான்கைந்து உணவுகளைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க மறுப்பது ஆகியவற்றைப் பேச்சு வழக்கில் 'படுத்துகிறது' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். உளவியலாளர் இதில் இரண்டு கூறுகளைப் பிரித்துக் காண்கின்றனர். ஒன்று, இதுவரை பார்த்திராத உணவை வாயில் வைக்கவே தயங்கும் புத்துணவு அச்சம். மற்றொன்று, ஏற்கெனவே பழகிய உணவுகளிலும் மணம், நிறம், குழைவு, மொறுமொறுப்பு ஆகியவற்றைக் கொண்டு சிலவற்றை விலக்கும் தெரிவு. முதலாவது பொதுவாக 2 வயதிலிருந்து 6 வயது வரை கூடுதலாக இருந்து, பின்னர் மெல்லக் குறையும். தவழ்வதை விட்டு நடக்கத் தொடங்கி, கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கக்கூடிய பருவத்தில், அறியாத காயையும் இலையையும் தின்றுவிடாமல் காக்கும் இயற்கைத் தடுப்பாக இந்த அச்சம் வளர்ந்திருக்கலாம் என்பது அறிவியலாளர் பலரின் கருத்து. அவ்வாறாயின், அருங்காட்சியகத்துக்கு எதிரே உள்ள முன்பின் தெரியாத ஓட்டலில், முன்பின் தெரியாத சாம்பாரைக் கண்டு பின்வாங்கும் மூன்று வயதுப் பிள்ளை, தன் வயதுக்குரிய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

இதனோடு வளர்ச்சியின் கணக்கும் சேர்கிறது. 3 கிலோ எடையோடு பிறந்த குழந்தை ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ 9 கிலோவை எட்டுகிறது, அதாவது பிறந்த எடையைப் போல மும்மடங்கு ஆகிறது. அதன்பின் பள்ளி செல்லும் வயது வரை ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ மட்டுமே கூடுகிறது. வளர்ச்சி இவ்வளவு மெதுவாகும்போது பசியும் குறைவது இயல்பே. ஆனால் கைக்குழந்தையாக இருந்தபோது கிண்ணம் கிண்ணமாகக் கேட்டு உண்டதையே நினைவில் வைத்திருக்கும் பாட்டிக்கு, அதே பிள்ளை நான்கு வயதில் இரண்டு கரண்டிச் சோற்றோடு எழுந்துவிடுவது நோயின் அறிகுறியாகத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் குடும்பங்களுக்குள் நடக்கும் ஓர் அநீதியைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. பிள்ளை தட்டைத் தள்ளியதும் பழி முதலில் தாயின்மீதே விழுகிறது; அவள் வேலைக்குப் போவதும், நேரத்துக்கு ஊட்டாததும், பாக்கெட் தின்பண்டம் வாங்கிக்கொடுத்துப் பழக்கியதும் அடுத்தடுத்து எடுத்துவைக்கப்படுகின்றன. பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையுள்ள இரட்டையரிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு, புத்துணவு அச்சத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டில் 78 விழுக்காடு மரபணு சார்ந்தது என மதிப்பிட்டது. ஒரே வீட்டில், ஒரே தாயின் கையால் உண்டு வளரும் இருவருள் மூத்தது பாகற்காயைக்கூட மென்று தின்ன, இளையது பாலில் ஆடை மிதந்தாலே ஓடிப்போவதற்கு இதுவே பெரிய காரணம். தாய்க்கு இப்படியொரு பழி போய்ச் சேரும்போது, அதே மரபணுக்களில் ஒரு பங்கு தாத்தா பாட்டியிடமிருந்தும் வந்தது என்பதை நினைவில் கொள்வது நியாயமாகும்.

மரபணுவின் பங்கு பெரிது என்பதால் பெரியவர்கள் செய்வதற்கு எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. செய்யக்கூடாதவை சில உண்டு. பிள்ளைகள் உண்ணும் முறையை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச்சும் அவருடன் பணியாற்றியோரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகைக் காய் சூப்புகள் வெவ்வேறு வேளைகளில் தரப்பட்டன. 'சூப்பைக் குடித்து முடி' என்று வற்புறுத்தப்பட்டபோது குடித்ததைவிட, எதுவும் சொல்லாமல் விடப்பட்டபோது பிள்ளைகள் கூடுதலாகக் குடித்தனர்; வற்புறுத்தப்பட்ட சூப்பைப் பற்றிக் குறைகளும் மிகுதியாகச் சொன்னார்கள். அதே ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் குடிக்கவைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின்மேல் இருந்த விருப்பம் பின்னர் குறைந்ததாகத் தெரிந்தது. பரிசு கொடுத்துத்தான் குடிக்கவைக்க வேண்டும் என்றால் அது நல்ல பொருளாக இருக்க முடியாது என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது போலும். ஊர்சுற்றும் நாளில் இவ்விரண்டு தவறுகளும் சேர்ந்தே நடக்கின்றன. 'ஒரே ஒரு வாய்டா கண்ணா' என்ற கெஞ்சல் வற்புறுத்தலின் இனிய வடிவம். 'இதைச் சாப்பிட்டாத்தான் பீச்சுக்குக் கூட்டிப்போவேன்' என்ற நிபந்தனை பரிசின் வடிவம். இரண்டாவதில் இன்னொரு கேடும் உண்டு: பிள்ளை சாப்பிடாமலே இருந்துவிட்டால், சொன்ன சொல்லைக் காப்பாற்றக் கடற்கரைக்குப் போகாமல் திரும்ப வேண்டும், அல்லது சொன்னதை மீறிப் போய்த் தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

உணவூட்டலில் பொறுப்பைப் பங்கிடுதல் என்னும் கருத்தை வகுத்தவர் எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர். எதை, எப்போது, எங்கே தருவது என்பதைப் பெரியவர் முடிவுசெய்ய வேண்டும்; உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை முடிவுசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். பாயில் உட்காரவைத்து, நிலாவைக் காட்டி, காக்காய்க்கு ஒரு வாய், குருவிக்கு ஒரு வாய் என்று ஊட்டி வளர்த்த மரபிலிருந்து வந்தவர்களுக்கு இது முதலில் அன்பற்ற ஏற்பாடாகத் தோன்றக்கூடும். ஊட்டுவதையே அன்பின் முதன்மையான மொழியாகக் கொண்ட சமூகம் இது. ஆயினும் வெளியூர்ப் பயணத்துக்கும் நகர்வலத்துக்கும் இந்தப் பங்கீடு மிகவும் பொருந்தும். ஏனெனில் அன்றைய நாளில் எதை, எப்போது, எங்கே என்ற மூன்றும் முழுமையாகப் பெரியவர்களின் கையில்தான் இருக்கின்றன, சிக்கலும் அவற்றைத் திட்டமிடாமல் விடுவதிலிருந்தே பிறக்கிறது.

பிள்ளை ஒரு வேளை குறைத்து உண்டால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்கு விடை, 1991-இல் வெளியான லீன் பர்ச் குழுவின் ஆய்வில் இருக்கிறது. 2 முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகள் ஒவ்வொரு வேளையும் உண்ட அளவை நாள் முழுவதும் அளந்து பார்த்தபோது, வேளைக்கு வேளை அளவு மிகவும் ஏறி இறங்கினாலும், முழு நாளுக்கும் சேர்த்துப் பார்க்கையில் உடலுக்குக் கிடைத்த ஆற்றல் நாளுக்கு நாள் பெரிதாக மாறவில்லை. மதியம் விட்டதை மாலையிலோ இரவிலோ பிள்ளை தானாகவே ஈடுசெய்துகொள்கிறது. ஆகவே நலமாக வளர்ந்துவரும் பிள்ளை மதியத்தில் நான்கு வாய் தயிர்ச்சோறு மட்டும் உண்டது என்பதற்காக நகர்வலத்தை நிறுத்த வேண்டிய தேவை எதுவும் இல்லை. அளவைவிட நேரம் தவறுவதுதான் துன்பம் தருகிறது. சிறு பிள்ளைகளுக்கு இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது உணவு தேவைப்படும். அந்த நேரம் கடந்துபோனால் பசி அழுகையாக மாறி, அழுகை களைப்பாக மாறி, களைத்த பிள்ளை தனக்கு மிகவும் பிடித்த தோசையையும் தள்ளிவிடும். அப்போது தோசையைக் குறைசொல்லியோ பிள்ளையைக் குறைசொல்லியோ பயனில்லை.

நேரம் தவறாமை குடும்பத்தின் இன்னொரு முனையிலும் தேவைப்படுகிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்ளும் தாத்தா பாட்டிக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து, கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரக்கூடும். பிள்ளைக்காகப் பொறுத்திருப்பதாக எண்ணித் தன் வேளையைத் தள்ளிப்போடும் பாட்டிகள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது. குடும்பத்தின் மிக இளையவருக்கும் மிக மூத்தவருக்கும் உரிய உணவு நேரங்களை முதலில் தாளில் எழுதிவிட்டு, பார்க்க வேண்டிய இடங்களை அவற்றின் இடைவெளியில் பொருத்துவதே முறை. வழக்கத்தில் இதற்கு நேர்மாறாக, இடங்களின் பட்டியல் முதலில் தயாராகிறது, சாப்பாடு போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படுகிறது.

இடங்களைப் பொறுத்தவரை, நாளொன்றுக்குப் பெரிய இடம் ஒன்று போதும். 1851-இல் நிறுவப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 16 ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகத்தில் பல கட்டடங்களாகப் பரந்திருக்கும் அதை ஒரே மூச்சில் பார்த்து முடிக்க முயல்வது பெரியவர்களின் முழங்காலுக்கும் கேடு, பிள்ளைகளின் பொறுமைக்கும் கேடு. அமராவதிப் பளிங்குச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உலகப் புகழ் பெற்றவை என்றாலும், ஐந்து வயதுப் பிள்ளை வாய் பிளந்து நிற்பது விலங்கியல் பிரிவில் உள்ள திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால்தான். அதை முதலில் காட்டிவிட்டு, பிள்ளையின் ஆர்வம் இருக்கும் வரை மற்றவற்றைப் பார்ப்பது சரியான வரிசை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து வாயில்வரை போய்த் திரும்புவோர் உண்டு. கிண்டி சிறுவர் பூங்காவுக்கும், அதை ஒட்டியுள்ள பாம்புப் பண்ணைக்கும், வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் விடுமுறை நாள் செவ்வாய். வண்டலூரின் கதையும் எழும்பூரில்தான் தொடங்குகிறது: 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கப்பட்ட விலங்குக் காட்சிசாலைதான் பின்னர் பார்க் டவுனுக்குப் போய், 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. ஆனால் இன்றைய வண்டலூர் 602 ஹெக்டேர் பரப்புள்ளது. சிறு பிள்ளைகளும் மூத்தோரும் சேர்ந்து செல்லும் குடும்பத்துக்கு அது ஒரு முழு நாளின் வேலை, அதோடு வேறெதையும் சேர்க்கக்கூடாது. மழை நாளாக இருந்தால், கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவும், அதன் அருகிலேயே உள்ள பிர்லா கோளரங்கமும் கைகொடுக்கும்.

எழும்பூரையே எடுத்துக்கொண்டால், காலை எட்டு மணிக்கு வீட்டில் வழக்கமான சிற்றுண்டியை முடித்துவிட்டு, காட்சிக்கூடங்கள் திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்வது நல்லது. மெட்ரோ ரயிலில் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பெட்டிக்குள் உண்பதற்கு அனுமதி இல்லை. ஆகவே பிள்ளையின் பசி நேரம் பயணத்தின் நடுவில் விழாதபடி புறப்பட வேண்டும். நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால் முழங்கால் வலியுள்ளோருக்கு மெட்ரோ எளிது; மாநகரப் பேருந்தில் போனால் 5 வயது நிறையாத பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பத்தரை மணியளவில், காட்சிக்கூடத்துக்கு வெளியே மரநிழலில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழமோ, நறுக்கிய கொய்யாவோ, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு இட்லியோ தந்துவிட்டால் மதியம் வரை பிள்ளை தாங்கும். இந்த இடைவேளையில் சர்க்கரைப் பானங்களும் கிரீம் பிஸ்கட்டும் தருவதே அடுத்த வேளைச் சண்டைக்கு விதை போடுவதாகும். வயிறு நிறைந்த பிள்ளை மதியத்தில் உண்ணாததை அடம் என்று பெயரிட்டு அழைப்பது சரியன்று.

மதிய உணவை ஓட்டலில் வைத்துக்கொள்வோர் சென்னை ஓட்டல்களின் நேர ஒழுங்கை அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான சைவ ஓட்டல்களில் பதினொரு மணிக்குமேல் காலைச் சிற்றுண்டி முடிந்து சாப்பாடு தொடங்கிவிடும். பிறகு மாலை மூன்று, நான்கு மணிக்குத்தான் மறுபடி தோசைக்கல் சூடாகும். தோசையைத் தவிர வேறெதுவும் உண்ணாத பிள்ளையோடு ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்தால், 'இப்ப சாப்பாடு டைம், டிபன் கிடையாது' என்ற பதில் வருவதற்கே வாய்ப்பு மிகுதி. மேலும், ஒரு மணிக்கு மேசை கிடைப்பதற்கே காத்திருக்க வேண்டிவரும். பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுவது, அல்லது நாள் முழுவதும் சிற்றுண்டி தரும் கடையை முதல் நாளே விசாரித்து வைப்பது, இவ்விரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். உணவு சொல்லும்போதும் சில நுணுக்கங்கள் உண்டு. சாம்பாரில் மிதக்கும் குட்டி இட்லிகள் பெரியவர்களுக்கு விருந்து. ஆனால் குழைவை வெறுக்கும் பிள்ளைக்கு அதுவே வேண்டாத பொருள். திருவல்லிக்கேணியில் 1948 முதல் நடந்துவரும் ரத்னா கபே சாம்பார் இட்லிக்கே பெயர்பெற்றது. அங்கே போனாலும் பிள்ளைக்கு இட்லியைத் தனியாகவும் சாம்பாரைக் கிண்ணத்திலும் கேட்டு வாங்கலாம். வெள்ளைச் சோறு, நெய், பருப்புப்பொடி, தயிர், சர்க்கரை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டால் பெரும்பாலான ஓட்டல்களில் மறுக்காமல் தருகிறார்கள். காரத்தைக் குறைத்துத் தரச்சொல்வதால் பயனில்லை, ஏனெனில் சாம்பார் காலையிலேயே அண்டாவில் கொதித்துவிட்டது. காரம் என்பது நாக்கிலுள்ள வலி நரம்புகள் உணரும் எரிச்சல். திரும்பத் திரும்பச் சிறிது சிறிதாகப் பழகினால்தான் தாங்கும் தன்மை வரும். வெளிநாட்டில் வளரும் பிள்ளை அதை ஒரே மதியத்தில் பழகிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

இத்தனை சிக்கலுக்கும் நம் முன்னோர் கண்டிருந்த தீர்வு கட்டுச்சோறு. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையிலும், காணும் பொங்கலன்று மெரினா மணலிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் பங்கிட்டு உண்ட வழக்கத்தில் உணவுப் பாதுகாப்பின் அறிவு நிறைந்திருக்கிறது. சமைத்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் வேகவைத்த பின்னும் உயிரோடு இருக்கும். சோறு இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துவது இதனால்தான். புளிக்காய்ச்சலின் புளிப்பும், எலுமிச்சையின் அமிலமும், தயிரில் உள்ள லாக்டிக் அமிலமும் இத்தகைய நுண்ணுயிரிகளின் பெருக்கத்தைத் தடுத்து, அந்தச் சோற்றுக்குக் கூடுதல் ஆயுளைத் தருகின்றன. பருப்புச்சோறும் சாம்பார்ச்சோறும் சென்னை வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போவதையும், தேங்காய்ச் சட்னி அதற்கும் முன்பே நூல்விடுவதையும் அனுபவத்தில் கண்ட பாட்டிகள் அவற்றைக் கூடையில் வைத்ததே இல்லை. புளிச்சோறேயானாலும் அதை மதியத்துக்குள் உண்டு முடித்துவிடுவதும், மீந்ததை இரவுக்கு வைக்காமல் விடுவதும் பாதுகாப்பு.

பொறுக்கி உண்ணும் பிள்ளைக்குத் தயிர்ச்சோறே பெரும்பாலும் உற்ற துணை. ஆனால் மதியத்தில் அது புளித்திருந்தால் பிள்ளை முகஞ்சுளித்துத் தள்ளிவிடும். காலையில் சோற்றைச் சூடாக இருக்கும்போதே குழைய மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் கலந்து எடுத்துப்போனால், போகும் வழியிலேயே பால் உறைந்து, உண்ணும் வேளையில் புளிக்காத புதுத் தயிர்ச்சோறாக இருக்கும். இஞ்சியும் பச்சைமிளகாயும் பெரியவர்களின் டப்பாவில் மட்டும் போதும். பிள்ளையின் டப்பாவில் கடுகு தாளிப்பதுகூட, அதைக் கறுப்புப் புள்ளி என்று பொறுக்கி எடுக்கும் பிள்ளையாக இருந்தால், வேண்டாம். இட்லிக்கு நல்லெண்ணெய் தடவி எடுத்துச்சென்றால் மாலை வரை வறளாது. மிளகாய்ப்பொடிக்குப் பதில் காரமில்லாத பருப்புப்பொடி தூவலாம். வீட்டில் பிள்ளை உண்ணும் அதே தட்டும், அதே தம்ளரும் கூடையில் இருப்பது சிறு விஷயம் போலத் தெரிந்தாலும், அறியாத இடத்தில் அறிந்த பொருள் ஒன்று தரும் தெம்பைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. முதல் நாள் இரவே பிள்ளையிடம், 'நாளைக்குப் புளிச்சோறா, தயிர்ச்சோறா, எது வேணும்?' என்று இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வதும் பயன்தரும். தான் சொன்னதை உண்ண மறுப்பது பிள்ளைக்கே சங்கடம்.

பெரியம்மா, சித்தி வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஒன்றுகூடிய நாளில் ஒன்று வெள்ளைச் சோறு மட்டும், ஒன்று தோசை மட்டும், ஒன்று பிரெட் மட்டும் என்று மூன்று திசையில் நிற்கும். மூவருக்காக மூன்று கடை ஏறி இறங்குவதைவிட, எல்லோருக்கும் நடுவில் எல்லா உணவையும் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் ஏற்கும் ஒரு பொருளாவது அதில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது மேல். 1980-இல் லீன் பர்ச் வெளியிட்ட ஓர் ஆய்வில், தாம் விரும்பாத காயை விரும்பி உண்ணும் பிற பிள்ளைகளோடு சில நாள் சேர்ந்து உண்ட மழலையர், தாமும் அந்தக் காயை எடுக்கத் தொடங்கினர். பாட்டி பத்து முறை சொல்லி நடக்காதது, அக்கா ஒருமுறை தின்று காட்டியதும் நடந்துவிடுவதைக் குடும்பங்களில் காணலாம். ஏற்ற உணவிலிருந்து அதற்கு மிக நெருங்கிய அடுத்த உணவுக்குப் படிப்படியாக நகர்த்தும் முறையும் உண்டு; தோசை உண்ணும் பிள்ளைக்கு அதே மாவில் ஊற்றிய குழிப்பணியாரம், அதிலிருந்து சற்றே இனிப்பான பணியாரம் என்று போவது அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் ஒரு புது உணவு பிள்ளைக்குப் பழக எட்டு, பத்து, பதினைந்து முறைகூடக் கண்ணில் பட்டும் நாக்கில் பட்டும் ஆக வேண்டியிருக்கும் என்பதால், ஊர்சுற்றும் நாளில் அந்தப் பாடத்தை நடத்த முயல வேண்டாம். புது உணவு பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளை தானாகக் கை நீட்டினால் கொடுக்கலாம், நீட்டாவிட்டால் அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

மதியம் ஒன்றரை மணியிலிருந்து நான்கு மணி வரை சென்னையில் எதையும் பார்க்கத் திட்டமிடாதிருப்பதே அறிவுடைமை. வீடு அருகில் என்றால் திரும்பிப்போய்ப் படுப்பதும், இல்லையென்றால் உறவினர் வீட்டிலோ நூலகம் போன்ற குளிர்ந்த இடத்திலோ பொழுதைக் கழிப்பதும், மாலைக் கடற்காற்று வீசும்போது மெரினாவுக்குப் போவதும் நல்ல ஒழுங்கு. அலையில் இறங்கிக் குளிப்பது மெரினாவில் உயிருக்கே ஆபத்து என்பதால் பிள்ளையின் கையைப் பிடித்தபடியே கால் நனைக்க வேண்டும். மணலில் விற்கும் தேங்காய் மாங்காய்ப் பட்டாணிச் சுண்டலைப் பெரியவர்கள் விரும்பி வாங்குவார்கள். 4 வயது நிறையாத பிள்ளைகளுக்கு முழுப் பட்டாணியும், வேர்க்கடலையும், முழுத் திராட்சையும் மூச்சுக்குழலில் சிக்கும் அபாயம் உள்ளவை, அதிலும் ஓடிக்கொண்டே மெல்லும்போது அபாயம் இன்னும் கூடும். உட்காரவைத்து, பட்டாணியை விரலால் நசுக்கித் தரலாம். வேர்க்கடலை வேண்டவே வேண்டாம். பஞ்சுமிட்டாய் கேட்டு அழும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு காரணமும் கையில் இருக்கிறது: துணிச்சாயமாகப் பயன்படும் ரோடமின் பி என்ற நச்சு நிறமி அதில் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. இதைத் தவிர, மாலையில் ஒரு ஐஸ்கிரீமோ, சூடான சோளக்கதிரோ வாங்கித் தருவதில் தயக்கம் வேண்டாம். அதை எதற்கும் பரிசாக்காமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலத் தருவதே முக்கியம்.

மேலே சொன்ன பொறுமை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. எடை கூடாமல் நிற்பது அல்லது குறைவது, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுவது, ஏற்கும் உணவுகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போவது, உணவைக் கண்டாலே நடுங்கி அழுவது ஆகியவை இருந்தால் அது வெறும் தெரிவாக இல்லாமல் இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில், உணவைத் தவிர்த்தும் கட்டுப்படுத்தியும் உண்ணும் கோளாறு என்பது தனி நோயாக இடம்பெற்றது. அதற்குக் குழந்தை மருத்துவரின் உதவி தேவை. ஒவ்வாமையும் தனி விஷயம். வேர்க்கடலையோ முட்டையோ பாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்று தாய் சொல்லி அனுப்பியிருந்தால், 'கொஞ்சம் கொடுத்தா ஒண்ணும் ஆகாது' என்று சோதித்துப் பார்க்கும் உரிமை தாத்தா பாட்டிக்கு இல்லை.

இரவு வீடு திரும்பியதும் ஒரு ரசஞ்சோறோ, பாலும் சோறுமோ போதும். பகலெல்லாம் கொறித்துவிட்டு வந்த பிள்ளை அப்போது கேட்டு வாங்கி உண்பதைப் பல வீடுகளில் காணலாம், உண்ணாமலே தூங்கிவிட்டாலும் காலையில் உண்ணும். பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கும்போது, 'ஒண்ணுமே சாப்பிடலை' என்று தொடங்கும் கணக்கைத் தாத்தா பாட்டிகள் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, திமிங்கிலத்தின் எலும்பு எத்தனை பெரிது என்பதைப் பிள்ளை இரண்டு கைகளையும் விரித்துச் சொல்லத் தொடங்கும். அதை முழுவதும் சொல்லி முடிக்க விடுங்கள்.